சத்துணவுப் பொருள்கள்: மாநிலக் கொள்முதலா, உள்ளூர்க் கொள்முதலா?

வயல்வெளி எழுதியது:

டெல்டா பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இரண்டு ஆண்டுகளாகப் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் சத்துணவு மையத்தில் நாள்தோறும் 90 பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பள்ளிச் சுவருக்கு அப்பால் முருங்கை காய்த்துத் தொங்குகிறது, அடுத்த தெருவில் நான்கைந்து வீடுகளில் கோழி வளர்க்கிறார்கள். ஆனாலும் முட்டை, மாநில அளவில் ஒப்பந்தம் எடுத்தவரின் வண்டியில்தான் வந்து இறங்குகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து வருகின்றன. காய்கறி, தாளிதப் பொருள், எரிபொருள் ஆகியவற்றுக்காகத் தரப்படும் சொற்பத் தொகை ஒன்றுதான் மையத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

அரிசியைத் தவிர மற்ற அனைத்தையும் பள்ளி அளவிலேயே, ஊரின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிராமப் பள்ளிகளில் சமைப்பவர்கள் இந்தக் குழுக்களின் பெண்கள்தாம். சமைக்கத் தெரிந்தவர்களுக்கு வாங்கவும் தெரியும். பணம் ஊரிலேயே சுழலும், பொருள் புதிதாக இருக்கும், குறை இருந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்திருக்கும். இப்போது ஒரு முட்டை கெட்டிருந்தால் நான் யாரைப் போய்க் கேட்பது?

முன்னாள் அமைப்பாளர் எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. 33 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் மறுத்து எழுதுகிறேன். நான் பணியில் சேர்ந்த மறு ஆண்டு, 1989-இல்தான், இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கினார்கள். பிறகு அது வாரத்துக்கு ஒன்றாகி, இரண்டாகி, மூன்றாகி, 2010-இல் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது. அந்த வளர்ச்சியை ஒவ்வொரு படியிலும் அடுப்படியில் நின்று பார்த்தவள் நான். முட்டை பொருளாகவே வந்து இறங்கியதால்தான் பிள்ளைகளுக்கு அது தவறாமல் கிடைத்தது.

உள்ளூரில் வாங்கும்படி எங்களிடம் விடப்பட்ட காய்கறியின் கதை வேறு. நீங்கள் சொன்ன அந்தச் சொற்பத் தொகை, அதாவது உணவூட்டு மானியம், மாதக்கணக்கில் தாமதமான நாள்கள் உண்டு. அப்போதெல்லாம் என் சொந்தப் பொறுப்பில் மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்குவேன். கடைக்காரர் முகம் சுளிக்கத் தொடங்கினால் நல்ல தக்காளியைக் கேட்க நாக்கு எழாது. அவர் ஒதுக்கி வைத்ததைத்தான் வாங்கி வருவேன். 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது மானியம் ஒரு காசும் ஏறவில்லை. அந்த மாதம் மசாலா முட்டைக்கு வெங்காயம் எவ்வளவு போட்டேன் என்று கேட்டால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முட்டையையும் அதே மானியத்தில் தள்ளிவிட்டால், விலை ஏறும் மாதங்களில் பிள்ளையின் தட்டில் முட்டை இருக்காது, பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

நாமக்கல் பண்ணை எழுதியது:

ஒரு கணக்கை மட்டும் வைக்கிறேன். 90 பிள்ளைகள், வாரத்துக்கு ஐந்து முட்டை என்றால் 450 முட்டை வேண்டும். வீட்டில் வளர்க்கும் நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் சேர்த்து 60 முட்டை வரை இடும், அதாவது வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல். அடைகாக்கும் காலத்தில் அதுவும் கிடையாது. அப்படியானால் உங்கள் ஒரு பள்ளிக்கு மட்டும் ஏறத்தாழ 390 கோழிகள் வேண்டும். நான்கைந்து வீட்டுக் கோழிகளால் இது ஆகாது. உங்கள் மகளிர் குழுவினர் கடைசியில் ஊர்க் கடையில்தான் வாங்குவார்கள். அந்தக் கடைக்கு முட்டை எங்கள் நாமக்கல்லிலிருந்துதான் வரும். நடுவில் இரண்டு பேரின் லாபம் ஏறியிருக்கும், முட்டைக்கு நான்கு நாள் வயதும் கூடியிருக்கும்.

விலையையும் கவனியுங்கள். முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கென அறிவிக்கும் விலை அடிக்கடி மாறும். புரட்டாசியில் மக்கள் விரதம் இருப்பதால் இறங்கும், வட மாநிலங்களில் குளிர் தொடங்கினால் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை மொத்தமாக ஒப்பந்தம் செய்யும் அரசால் தாங்க முடியும். ஒரு கிராமத்துப் பெண்கள் குழு எப்படித் தாங்கும்?

வயல்வெளி எழுதியது:

390 கோழி என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை. முட்டையைப் பொறுத்தவரை என் வாதத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். காய்கறிக்கும் கீரைக்கும் பயறு வகைகளுக்கும் அது இன்னும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அமைப்பாளர் அம்மா சொன்னதைக் கூர்ந்து பார்த்தால் அங்கே தவறியது பணம் வந்த காலமும் அளவும்தான். உள்ளூரில் வாங்கியதில் தவறில்லை. மானியத்தை மாதத் தொடக்கத்திலேயே கொடுத்து, சந்தை விலையோடு சேர்த்து உயர்த்தியிருந்தால் அவர் ஏன் கடைக்காரர் முன் தலைகுனிந்து நிற்க வேண்டும்?

மாநகரவாசி எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்கு? நான்கைந்து ஒன்றியங்களுக்கு ஒரு நவீனச் சமையற்கூடம் கட்டி, சூடான உணவை வண்டியில் அனுப்பிவிட்டால் கொள்முதல் ஓரிடத்தில் முடிந்துவிடும். 2004-இல் கும்பகோணத்தில் கூரைச் சமையலறையிலிருந்து பரவிய தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். பள்ளிக்குள் அடுப்பு எரிய வேண்டும் என்ற பிடிவாதத்தை அதற்குப் பிறகாவது விட்டிருக்க வேண்டும்.

முன்னாள் அமைப்பாளர் எழுதியது:

கும்பகோணத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அங்கே பிள்ளைகளைக் கொன்றவை கீற்றுக் கூரையும் நெரிசலும். அதற்குத் தீர்வு ஓட்டை உடைசல் இல்லாத கட்டடம். அடுப்பை அணைப்பது தீர்வாகாது. வண்டியில் வரும் சோறு பன்னிரண்டரை மணிக்கு எந்தச் சூட்டில் இருக்கும்? மேலும், கர்நாடகத்தில் அட்சய பாத்திரா நிறுவனத்தின் கூடங்களிலிருந்து போகும் உணவில் வெங்காயம், பூண்டு, முட்டை இல்லை என்பது பெரிய சர்ச்சையானதை நாம் பார்த்தோம். சமைப்பவர் தொலைவில் இருந்தால் பிள்ளை எதைச் சாப்பிட வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்துவிடுவார். எங்கள் மையத்தில் ஒரு பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் மூன்றாம் நாள் சமையலர் அவள் வீட்டுக்கே போய் விசாரித்து வருவார்.

கணக்கன் எழுதியது:

தணிக்கைத் துறையில் பணியாற்றியவன். வயல்வெளி ஐயாவின் திருத்திய வாதத்தையும் நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 40,000-க்கும் மேற்பட்ட சத்துணவு மையங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே பயறும் எண்ணெயும் வாங்கத் தொடங்கினால் அந்தப் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்க்க எந்தத் துறையாலும் இயலாது, தர ஆய்வுக்கு மாதிரி எடுக்கவும் இயலாது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற ஊரில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. அந்த எண்ணெய் கிடங்கிலிருந்து வந்ததன்று. வாங்கும் பொறுப்பிலிருந்த தலைமையாசிரியையின் குடும்பத்தினருடைய கடையிலிருந்து வந்தது என்பது விசாரணையில் பேசப்பட்ட செய்தி. வாங்குபவரும் விற்பவரும் ஒரே வீட்டார் ஆகிவிடக்கூடிய இடத்தில் உள்ளூர்க் கொள்முதல் என்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதற்கு மாறாக, 2024-இல் துறையூரில் ஓர் உணவகத்தில் சத்துணவு முட்டைகள் பிடிபட்டன என்றால், அதற்குக் காரணம் அவற்றின் மேல் இருந்த அரசு முத்திரை. கடையில் வாங்கிய முட்டையாக இருந்திருந்தால் அந்தத் திருட்டு வெளியே தெரிந்தே இருக்காது.

தலைமையாசிரியர் எழுதியது:

கணக்கன் ஐயாவின் முத்திரை வாதம் வலுவானது. ஆயினும் மேலிருந்து வருவதாலேயே பொருள் ஒழுங்காக வந்து சேர்கிறது என்று அவர் கருதுவதுபோல் தோன்றுகிறது. நான் கண்ட ஒன்றை எழுதுகிறேன்.

அரிசி வண்டி வரும்போது பெரும்பாலும் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். ஓட்டுநருக்கு அன்று இன்னும் பதினைந்து மையங்கள் பாக்கி இருக்கும். மூட்டைகளை வராந்தாவில் உருட்டிவிட்டு ஒப்புகைச் சீட்டை நீட்டுவார். அமைப்பாளர் மூட்டைகளை எண்ணிக் கையெழுத்திடுவார், ஏனென்றால் எண்ணத்தான் முடியும். எடைபோடத் தராசு இல்லை. ஒருநாள் சந்தேகப்பட்டு, பக்கத்து நெல் வியாபாரியிடம் தராசை இரவல் வாங்கி நிறுத்தோம். நான்கு மூட்டைகளில் ஒன்றுகூட 50 கிலோ தேறவில்லை. சராசரியாக 2 கிலோ குறைந்திருந்தது. ஒரு மூட்டையின் அடிமூலையில் கொக்கி குத்திய ஓட்டை, அதைச் சுற்றி அரிசி மாவு அப்பியிருந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. நான்கு மூட்டைக்கு 8 கிலோ குறைந்தால் 80 பிள்ளைகளின் ஒரு வேளைச் சோறு போயிற்று. இருப்புப் பதிவேட்டில் 200 கிலோ என்று இருக்கும், சமையலர் உழக்கு உழக்காகக் குறைத்துக் குறைத்து அந்தப் பள்ளத்தை மாதம் முழுவதும் நிரப்புவார். தணிக்கை வரும்போது குறைவு தெரிந்தால் பிடித்தம் அமைப்பாளரின் சம்பளத்தில் விழும்.

சத்துகள் சேர்த்துச் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கிய நாள்களிலும் இப்படித்தான். நூறு அரிசிக்கு ஒன்று என்று கலந்திருந்த மணிகள் நிறம் மாறித் தெரிந்தன. பிளாஸ்டிக் அரிசி என்று ஊரில் பேச்சு பரவி, பிள்ளைகள் அவற்றைத் தட்டின் ஓரத்தில் பொறுக்கி வைத்தார்கள். அது என்னவென்று எங்கள் சமையலருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்கவும் மறுக்கவும் இடமில்லாத வழங்கலாக இருப்பதுதான் என் மனக்குறை.

முன்னாள் அமைப்பாளர் எழுதியது:

தலைமையாசிரியர் ஐயா எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை. என் சம்பளத்திலும் பிடித்தார்கள்.

கணக்கன் ஐயா, பீகார்ச் சம்பவத்தை நீங்கள் எடுத்துக்காட்டியதால் சொல்கிறேன். எண்ணெய் சரியில்லை என்று அன்று சமையலர் சொன்னார், மேலே இருந்தவர் பொருட்படுத்தவில்லை என்று செய்திகளில் படித்தோம் அல்லவா? பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நான் பணியில் இருந்தவரை முட்டைகளை வேகவைக்குமுன் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாக இறக்குவேன். படுத்துக் கிடப்பது நல்லது, எழும்பி மிதப்பது கெட்டது. மிதந்ததைத் தனியே எடுத்துவைத்தால், அதை யார் திரும்பப் பெறுவது, அதற்கு ஈடாக எந்தப் பிள்ளைக்கு எப்போது முட்டை கிடைக்கும் என்பதற்கு எனக்கு விடை கிடைத்ததே இல்லை. என் கைக்காசில் ஓர் அட்டை முட்டையை வீட்டில் எப்போதும் வைத்திருந்தேன்.

கணக்கன் எழுதியது:

அம்மா, பிடித்தம் குறித்து நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். பிடித்தத்துக்கு வழிவகுக்கும் அப்படிப்பட்ட தணிக்கைத் தடைகளை நானும் எழுதியவன். சீட்டில் கையெழுத்து இருந்தால் முழு எடையும் பெறப்பட்டது என்றே நாங்கள் கொண்டோம். மையத்தில் தராசு உண்டா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

மாநிலக் கொள்முதல் தொடர வேண்டும் என்ற என் நிலை மாறவில்லை. ஆனால் மூட்டையை நிறுத்து, உண்மையான எடையைச் சீட்டில் கிலோவாகத் தன் கையாலேயே எழுதிய பிறகுதான் அமைப்பாளர் கையெழுத்திட வேண்டும். "நான்கு மூட்டை பெறப்பட்டது" என்று மட்டும் எழுதினால் குறைவு முழுவதும் அவர் தலையில் ஏறிவிடும். எடையை எழுதியிருந்தால் அந்தக் கேள்வி கிடங்குக்கும் வண்டிக்கும் திரும்பும்.

முன்னாள் அமைப்பாளர் எழுதியது:

சரி ஐயா. நான் நிறுக்கிறேன் என்கிறேன். நேரமில்லை என்று சொல்லி வண்டிக்காரர் மூட்டையை இறக்காமல் போய்விடுகிறார். மறுநாள் அந்த 90 பிள்ளைகளுக்கு நான் எதை வடிப்பது?

வயல்வெளி எழுதியது:

அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம், அம்மா. உள்ளூர்க் கொள்முதல் வேண்டும் என்று தொடங்கினேன். இப்போது குறைந்தது உள்ளூர் எடையாவது வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். காய்கறி மானியத்தை முன்கூட்டித் தர வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் விடவில்லை. வண்டி வரும் நாளில் குழுவின் பெற்றோர் இருவர் மையத்தில் இருந்தால், அமைப்பாளர் தனியாக நின்று வாதாட வேண்டியிருக்காது. அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை வைக்கப்போகிறேன். ஒன்று, நன்கொடை திரட்டி 100 கிலோ நிறுக்கும் மின்னணுத் தராசு வாங்குவது. மற்றொன்று, ஒரு வாரத் தேவையான 45 கிலோ அரிசி எப்போதும் இருப்பில் இருக்கும்படி தேவைப்பட்டியலைத் திருத்தித் தருமாறு ஒன்றிய அலுவலகத்தைக் கேட்பது. கணக்கன் ஐயா, இரண்டாவது தீர்மானத்தை எந்தச் சொற்களில் எழுதினால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லுங்கள், கூட்டம் வெள்ளிக்கிழமை.