பிசையாத ரொட்டி: 18 மணி நேரம் வைத்தால் மாவு கூழாகிவிடுகிறது, என்ன செய்ய?

தக்கலை அடுக்களை எழுதியது:

வணக்கம். எங்கள் வீடு தக்கலையில், பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற வழி. மூன்று சனிக்கிழமையாக ஒரே ரொட்டியோடு மல்லுக்கு நிற்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லித் தாருங்கள்.

பிசையாமல் செய்கிற ரொட்டிதான். மைதா மூன்று கப், தண்ணீர் ஒன்றரை கப், ஈஸ்ட் கால் டீஸ்பூன், உப்பு ஒன்றே கால் டீஸ்பூன். கரண்டியால் கலக்கி மூடி வைத்து, 18 மணி நேரம் கழித்து எடுத்துச் சுட வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எனக்கு வலது மணிக்கட்டில் இரண்டு வருஷமாக வலி. சப்பாத்திக்கே மாவு பிசைய முடியாது. அதனால் இதைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம்.

வெள்ளி ராத்திரி எட்டு மணிக்குக் கலக்கினேன். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் திறந்தால் கள்ளு மணம். மேலே அங்கங்கே தண்ணீர் கோர்த்து நிற்கிறது. பலகையில் கொட்டினால் தோசை மாவு மாதிரி ஓடுகிறது, உருட்டவே வரவில்லை. அப்படியே சட்டியில் ஊற்றிச் சுட்டேன். இரண்டு விரல் உயரம்தான் வந்தது. உள்ளே களி போல ஒட்டுகிறது, புளிக்கிறது. மேல்பக்கம் கல்லாட்டம் இருக்கிறது, ஆனால் நிறம் ஏறவில்லை, வெளிறிப்போய்க் கிடக்கிறது.

இரண்டாவது வாரம் மாவைக் கூட்டினேன். மூன்றாவது வாரம் புது ஈஸ்ட் வாங்கினேன். அதே கதைதான். 28 லிட்டர் ஓடிஜி (கரண்டில் ஓடுகிற சின்ன அவன்), 250 டிகிரி வரை போகும். சட்டி அம்மாவின் பழைய இரும்புச் சட்டி, மூடி உண்டு. எங்கே பிசகுகிறது?

குழித்துறைக்காரன் எழுதியது:

உங்கள் அடுக்களையில் சூடு எவ்வளவு இருக்கும்? மாவு வைத்த இடத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

தக்கலை அடுக்களை எழுதியது:

பார்த்தேன் அண்ணா. ராத்திரி பத்து மணிக்கு 31, விடியற்காலம் 28, மத்தியானம் 33.

வடசேரி அக்கா எழுதியது:

மக்களே, உன் கையிலும் தப்பில்லை, ஈஸ்டிலும் தப்பில்லை. அந்த 18 மணி நேரம் நம்ம ஊருக்குப் போட்ட கணக்கே இல்லை.

இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தவர் நியூயார்க்கில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஜிம் லேஹி. 2006 நவம்பரில் மார்க் பிட்மன் அதை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அங்கிருந்துதான் உலகம் பூராவும் பரவியது. குறைந்தது 12 மணி நேரம், 18 ஆனால் இன்னும் நல்லது என்று அதில் இருக்கிறது. கூடவே அறையின் சூடு 70 டிகிரி பாரன்ஹீட் என்றும் இருக்கிறது. நம் கணக்கில் அது 21 டிகிரி. வீடியோ போடுகிறவர்கள் 18-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 21-ஐ விட்டுவிடுகிறார்கள். எங்கள் அடுக்களை மார்கழி ராத்திரியில்கூட 21-க்கு இறங்காது. உன்னுடையது 31. பத்து டிகிரி கூடினால் மாவு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பொங்கும்.

அப்பத்துக்குக் கலக்குகிற மாவை நினைத்துப் பார். தேங்காய்த் தண்ணீரும் சீனியும் விட்டு ராத்திரி கலக்கி வைத்தால் விடியற்காலம் பொங்கி நிற்கிறது. அதை மறுநாள் மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் யாராவது வெளியே வைப்போமா? பொங்கி முடிந்து தாழ்ந்து, புளித்து, நீர் விட்டுவிடும். உன் ரொட்டி மாவுக்கு நடந்ததும் அதுவே. நிறம் ஏறாததும் அதனால்தான். மாவில் இருந்த சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால், சிவக்க எதுவும் மிச்சமிருக்காது.

பிசைவது எதற்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மைதாவில் இருக்கிற புரதம் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பிடித்து வலை பின்னும். அதுதான் குளூட்டன். கையால் பிசைந்தால் பத்து நிமிஷத்தில் பின்னும். பிசையாவிட்டால் நாலைந்து மணி நேரத்தில், தண்ணீர் தாராளமாக இருந்தால், தானாகவே பின்னிக்கொள்ளும். உள்ளே ஊதுகிற குமிழிகளே அதை இழுத்து நீட்டிவிடும். ஆனால் அளவுக்கு மீறி வைத்தால், மாவில் இருக்கிற நொதிகளும் ஏறுகிற புளிப்பும் சேர்ந்து அந்த வலையை அறுத்துவிடும். உனக்கு ஓடினது அறுந்துபோன வலை. அதன்பிறகு எவ்வளவு மைதா தூவினாலும் கட்டாது.

நான் செய்கிற அளவைச் சொல்கிறேன். கப் வேண்டாம், தராசில் நிறு. மைதா 400 கிராம், உப்பு 8 கிராம், ஈஸ்ட் கால் டீஸ்பூனில் பாதி, ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர் 280 கிராம். அமெரிக்க மாவுக்கு 300 தாங்கும். நம் கடை மைதாவுக்கு 280 போதும் என்று மூன்று பொதி மாவு வீணாக்கிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ராத்திரி பத்து மணிக்குக் கலக்கி ஈரத் தோர்த்து போட்டு மூடி, அடுக்களையில் இல்லாமல் தரையில் குளிர்ச்சியான மூலையில் வைத்துவிடுவேன். காலை ஆறு மணிக்கு முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

என்ன பார்க்க வேண்டும் என்றால், மாவு இரண்டு மடங்காகியிருக்க வேண்டும். மேல்பக்கம் லேசாகக் குவிந்தோ சமமாகவோ நிற்கலாம், நடுவில் குழிந்தால் நேரம் தாண்டிவிட்டது. பாத்திரத்தைச் சரித்தால் விளிம்பில் சிலந்தி வலை மாதிரி இழை இழையாக நீளும். மணம் பழுத்த மட்டி வாழைப்பழம் மாதிரி இருக்கும். கள்ளு மணம் வருவதற்கு முன்னாடி எடுத்துவிட வேண்டும். என் வீட்டில் இதற்கு ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. ஆனிச் சாரல் நாளில் பத்துகூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார்.

இன்னொரு வழியும் உண்டு. ராத்திரி ஒன்பதுக்குக் கலக்கி, ஒரு மணி நேரம் வெளியே வைத்து, ஃபிரிட்ஜில் தூக்கி வைக்கலாம். மறுநாள் எப்போது வேண்டுமானாலும் சுடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி.

சுடுவதற்கு அரை மணி நேரம் முன்னாடியே சட்டியை மூடியோடு ஓடிஜியில் வைத்து 230-ல் காய விடு. மாவை மைதா தூவிய பலகையில் கொட்டி, நாலு பக்கமும் உறை மாதிரி மடித்து, புரட்டிப்போட்டு முக்கால் மணி நேரம் விடு. பட்டர் பேப்பரோடு தூக்கிக் காய்ந்த சட்டியில் இறக்கு. மூடி போட்டு 30 நிமிஷம், மூடி எடுத்து 15 முதல் 20 நிமிஷம். மாவிலிருந்து வரும் ஆவி மூடிக்குள் நிற்பதால் தோல் சீக்கிரம் இறுகாது, ரொட்டி நன்றாக எழும்பும். கடைக்காரர்கள் அடுப்புக்குள் ஆவி அடிக்கிற வேலையை நம் வீட்டில் அந்த மூடி செய்கிறது. மூடியில் பிளாஸ்டிக் குமிழ் இருந்தால் கழற்றிவிடு.

வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது ஆற விடு. சுடச்சுட வெட்டினால் நல்ல ரொட்டிகூட உள்ளே களி மாதிரிதான் இருக்கும்.

குழித்துறைக்காரன் எழுதியது:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஒன்றில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். எங்கள் அப்பா மார்த்தாண்டத்தில் ஒரு போர்மாவில், அதாவது ரொட்டி சுடுகிற இடத்தில், இருபது வருஷம் விறகு அடுப்பில் நின்றவர். ராத்திரி பூரா மாவை விட்டுவிட்டுத் தூங்குவது நம்ம சூட்டுக்கு ஆகாது என்பார். பகலில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நான் காலை ஏழு மணிக்குக் கலக்கி, முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று தடவை மடிப்பு மட்டும் கொடுப்பேன். கையை நனைத்து, மாவின் ஒரு ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்து நடுவில் போடுவது, பாத்திரத்தைத் திருப்பி மறு ஓரம். அரை நிமிஷ வேலை. மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகாது, இடது கையாலேயே செய்யலாம். மூன்றாவது மடிப்பில் மாவு கையோடு இழுத்துக்கொண்டு வருவது தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்குள் சுட்டுவிடலாம், சாயாவுக்கு ரொட்டி ரெடி.

குளச்சல் கடலோரம் எழுதியது:

எங்கள் வீட்டில் ஓடிஜி இல்லை. கேஸ் அடுப்பில் முடியுமா அக்கா? ஆடி மாதம் காற்றடித்தால் கரண்டும் போய்விடும்.

வடசேரி அக்கா எழுதியது:

முடியும், ஆனால் மேல்பக்கம் தானாகச் சிவக்காது. கனமான இரும்புச் சட்டியைப் பழைய தோசைக்கல் மேல் வைத்து, சின்னத் தீயில் பத்து நிமிஷம் காய விட்டு மாவை இறக்கு. மூடி போட்டு 25 நிமிஷம். பிறகு திருப்பிப் போட்டு 15 நிமிஷம். மேலும் கீழும் சிவந்து, ஓரம் மட்டும் வெள்ளையாக வரும். மாவை 250 கிராமுக்கு மேல் எடுக்காதே. பெரிதானால் நடு வேகாது.

குழித்துறை தம்பி சொன்ன மடிப்பை நானும் செய்து பார்க்கிறேன். ஆனால் வேலைக்குப் போகிற பெண்ணால் பகல் பூரா மாவுக்குக் காவல் இருக்க முடியாது. ஃபிரிட்ஜை நான் விட மாட்டேன்.

தக்கலை அடுக்களை எழுதியது:

அக்கா, அண்ணா, வந்துவிட்டது!

இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்தேன். வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு 400 கிராம் மைதாவை ஃபிரிட்ஜ் தண்ணீரில் கலக்கி, அரை மணிக்கு ஒரு தடவையாக மூன்று மடிப்பு. இடது கையாலேயே கொடுத்தேன். முதல் மடிப்பில் சதசதவென்று அறுந்தது, மூன்றாவதில் முழு மாவும் ஒரே துணி மாதிரி எழும்பி வந்தது. எட்டு மணிக்கு ஃபிரிட்ஜ். காலை ஏழுக்கு எடுத்து மடித்து, குளிர் போக ஒன்றே கால் மணி நேரம் விட்டுச் சுட்டேன்.

மூடியைத் திறந்ததும் சட்டிக்குள் ரொட்டி உருண்டையாக எழும்பி நின்றது. மேலே ஒரு வெடிப்பு, வெடிப்பின் ஓரம் மட்டும் கறுத்த சிவப்பு. வெளியே எடுத்து வைத்ததும் தோல் சின்னச் சின்னதாகப் படபடவென்று வெடிக்கிற சத்தம். அப்பா கிட்ட வந்து காதை வைத்துக் கேட்டார். ஒரு மணி நேரம் ஆற விடச் சொன்னீர்கள், ஐம்பது நிமிஷம் பிடித்து நிறுத்தினேன். உள்ளே ஓட்டை ஓட்டையாக, ஒட்டாமல், துளி புளிப்போடு இருந்தது. முந்தின நாள் சாளைக் குழம்பு மிச்சம் இருந்தது, அதில் முக்கித் தின்றோம். சாயாவுக்கு ஒரு துண்டு கூட மிஞ்சவில்லை.

அடுத்த தடவை கொஞ்சம் கோதுமையும் கேழ்வரகும் சேர்க்கலாமா? அப்பாவுக்குச் சுகர் உண்டு.

வடசேரி அக்கா எழுதியது:

நல்லாட்டு வந்திருக்கு மக்களே, ரொம்ப சந்தோஷம். கோதுமை மாவு 100 கிராம் வரை சேர், மைதாவை 300 ஆக்கு. கோதுமை மாவு தண்ணீர் அதிகம் குடிக்கும், 25 கிராம் கூட்டு. சீக்கிரமும் பொங்கும், அதனால் வெளியே வைக்கிற நேரத்தைக் குறை. கேழ்வரகில் குளூட்டன் கிடையாது, 40 கிராமுக்கு மேல் போனால் ரொட்டி எழும்பாது. ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதே. முதலில் கோதுமை. இன்னொன்று, கோதுமை சேர்த்தாலும் சுகரை இது ஏற்றத்தான் செய்யும். அப்பாவுக்கு எத்தனை துண்டு என்று அவர் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுக்கொள்.