இந்த வருஷம் பையன்களையும் சேர்த்துக்கொள்வோம்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

கல்ஃபில் இருக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்க்காரர்களின் சங்கப் பணத்தில் இந்த வருஷம் ஊரில் யாருக்கு உதவலாம் என்று பொருளாளர் அண்ணன் கேட்டிருந்தார். பெண்பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. அதோடு, பத்தாவதோடு நின்றுவிடும் பையன்களையும், இருபத்திரண்டு வயதிலேயே தகப்பனாகிவிட்ட பயலுவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பையன் படிப்பை நிறுத்தினால் ஊரில் யாரும் பதறுவதில்லை. "வேலைக்குப் போறான், பிழைச்சுக்கிடுவான்" என்று விட்டுவிடுகிறோம். அப்பா இல்லாத வீட்டில், இல்லை அப்பா குடிக்கிற வீட்டில், அவன் மீசை முளைக்கும் முன்னே கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறான், இல்லையென்றால் வள்ளத்தில் ஏறுகிறான். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அப்பாவைக் கொண்டுபோன கடற்கரை வீடுகளில் அன்று சின்னப் பிள்ளையாக இருந்தவனுக்கு இப்போது இந்த வயதுதான்.

நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) கட்டணம் ஒரு பாரமே இல்லை. பஸ் பாஸ் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவனுக்கு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். இவ்வளவு இருந்தும் பாதியில் நிற்கிறான் என்றால், வீட்டில் அடுப்பெரிய அவன் கூலி வேண்டியிருக்கிறது. அதனால் பணத்தை அவன் அம்மாவின் கணக்கில் மாதாமாதம் போடுவோம். வெல்டர் படிப்புக்கு ஒரு வருஷம், பிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இரண்டு வருஷம். அந்தச் சான்றிதழ் இருந்தால் என்ன சம்பளம், இல்லாவிட்டால் என்ன சம்பளம் என்று கல்ஃபில் இருக்கும் நமக்குத் தெரியாதா?

அப்புறம் இளம் தகப்பன்மார். குழந்தை பிறந்தால் மத்திய அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு 15 நாள் விடுப்பு. ரப்பர் பால்வெட்டுக்காரனுக்கு அப்படி எதுவும் இல்லை. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் இறங்கினால்தான் அன்றைக்குக் காசு. மனைவி ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் முடிந்து படுத்திருக்கும்போது இவன் சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருப்பான். பிறகு, பிள்ளையைத் தூக்கத் தெரியாதவன் என்று நாமே அவனைக் குறை சொல்கிறோம். தூக்கிப் பழக அவனுக்கு நாள் வேண்டாமா? அதே 15 நாள் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். வட்டிக்கு வாங்காமல் அவன் வீட்டில் இருக்கட்டும்.

கையாள் வேலைக்குப் போகிறவர்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடவும் ஊரில் ஓர் ஆள் வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

முதலில் இரண்டு பையன்கள், இரண்டு தகப்பன்மார் என்று தொடங்கலாம். கோணத்தில் படித்த அண்ணன்மார் யாராவது ஐடிஐ சேர்க்கை வேலையைப் பார்த்துக்கொள்வீர்களா? பணம் தர முடிந்தவர்கள் பொருளாளர் அண்ணனுக்குத் தனியாக எழுதுங்கள். பையன்களின் பெயரை மட்டும் இங்கே யாரும் போட வேண்டாம்.