சாலன்-கீ ஃபில்டர்: சிமுலேஷனில் இறங்குகிறது, போர்டில் திரும்ப ஏறுகிறது

அலைவரிசை:
எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் ஐடியல் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) வைத்து இரண்டாம் ஆர்டர் சாலன்-கீ லோ-பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடுவது) போட்டேன், கெயின் 1, கட்-ஆஃப் (சிக்னல் குறையத் தொடங்கும் அதிர்வெண்) சுமார் 1 கிலோஹெர்ட்ஸ். ரெசிஸ்டர் இரண்டும் 1 கிலோ ஓம், கெபாசிட்டர்கள் 220, 100 நானோஃபாரட். ஏசி அனாலிசிஸில் (அதிர்வெண் வாரியாகப் பார்ப்பது) டிகேடுக்கு, அதாவது அதிர்வெண் பத்து மடங்காகும்போதெல்லாம், 40 டெசிபல் என்று கோடு போட்ட மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. போர்டில் எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் ஐசி. 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இருக்கிறது, அப்புறம் இறங்குவது நின்று சில நூறு கிலோஹெர்ட்ஸில் சிக்னல் தாராளமாக வெளியே வருகிறது. வயரிங் சரிதான். ஐசி போலியா?

ஓம்காரன்:
ஐசியைத் திட்டாதீர்கள், இது சாலன்-கீயின் பிறவிக் குணம். அவுட்புட்டிலிருந்து பின்னால் போகிற அந்த 220 நானோ இருக்கிறதே, உயர் அதிர்வெண்ணில் அது ஷார்ட் மாதிரிதான், உள்ளே வருகிற சிக்னல் முதல் ரெசிஸ்டரையும் அதையும் கடந்து நேராக அவுட்புட்டுக்கே போய்விடும். ஆப்-ஆம்ப் அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும், ஆனால் எல்எம்358-இன் கெயின் 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தீர்ந்துவிடுகிறது, அப்போது அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (அவுட்புட்டின் உள் தடை) சில நூறு ஓம் முழுசாகத் தெரியும். 300 ஓம் என்று வையுங்கள்: 1 கிலோவோடு சேர்ந்து வெறும் 13 டெசிபல்தான் குறையும்.

ரெசிஸ்டரை 10 கிலோ, கெபாசிட்டரை 22, 10 நானோ ஆக்குங்கள். கட்-ஆஃப் மாறாது, சிக்னல் இறங்காமல் நிற்கிற அந்தத் தளம் 31 டெசிபலுக்கு இறங்கும்.

சிமுலேஷனில் பார்க்க: எல்டிஸ்பைஸின் யுனிவர்சல் ஆப்-ஆம்பில் ஜிபிடபிள்யூ (கெயின் 1-க்குக் குறைகிற அதிர்வெண்) 1 மெகா கொடுத்து, அவுட்புட்டில் 300 ஓம் சீரியஸாகப் போட்டு, ஃபீட்பேக் இரண்டையும் அதற்குப் பிறகு எடுங்கள். கம்பெனி மாடல்கள் எல்லாமே இந்த இம்பீடன்ஸைச் சரியாகக் காட்டும் என்று நம்ப வேண்டாம்.

நானோஃபாரட்:
சாலன்-கீக்குப் பதில் மல்டிபிள் ஃபீட்பேக் என்ற இன்னொரு ஃபில்டர் அமைப்பைப் போட்டால் இந்தத் தொல்லை ரொம்பக் குறையும், சிக்னல் தலைகீழாக வரும், அவ்வளவுதான். கெபாசிட்டர் எக்ஸ்7ஆர் வகை செராமிக் என்றால் அதையும் மாற்றுங்கள், டிசி வோல்டேஜ் ஏற ஏற அதன் மதிப்பு குறையும், கட்-ஆஃப் நகரும். சி0ஜி வகை செராமிக் அல்லது ஃபிலிம் நல்லது. இன்னொன்று, ஏசி அனாலிசிஸ் லீனியர் கணக்கு, கிளிப்பிங்கும் (சிக்னல் உச்சி வெட்டுப்படுவது) ஸ்லூ ரேட்டும் (அவுட்புட் மாறும் வேகத்தின் வரம்பு) அதில் தெரியவே தெரியாது, நேரப்படி பார்க்கும் டிரான்சியன்ட் அனாலிசிஸும் ஓட்டுங்கள்.

அலைவரிசை:
300 ஓம் போட்டதும் போர்டில் பார்த்த அதே மேடு சிமுலேஷனிலும் வந்துவிட்டது! 10 கிலோ மாற்றுகிறேன். ஆனால் அடுத்து ஏடிசி (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்குவது), 31 டெசிபல் போதாதே?

ஓம்காரன்:
அவுட்புட்டுக்குப் பிறகு சாதா ஆர்சி ஃபில்டர் (ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர்) ஒன்று, கட்-ஆஃப் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம். அதில் ஆப்-ஆம்ப் இல்லை, அதனால் மேலே போகப் போக இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.