பன்னிரண்டு நாட்களாக நண்பனுடன் பேசவில்லை, நான் என்ன செய்ய வேண்டும்?

காவிரிக்கரை மாணவன்:

வணக்கம். நான் கும்பகோணத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு ஒரே ஒரு நெருங்கிய நண்பன்தான். விடியற்காலை ஐந்தரை மணி வேதியியல் டியூஷனுக்கு என் சைக்கிளில்தான் இருவரும் போவோம். போகும்போது நான் மிதிப்பேன், திரும்பும்போது அவன் மிதிப்பான்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு மாலையில் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது, அவன் என் முகத்தைப் பாராமல், சைக்கிள் சாவியைக் கல்லில் தேய்த்தபடியே, தனக்குப் பெண்கள் மீது ஈர்ப்பு வருவதில்லை என்றும், ஆண்கள் மீதுதான் வருகிறது என்றும், இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னான். நான், "நேரமாகிவிட்டது, போகலாம்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சைக்கிள் பஞ்சர் என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்து அப்பாவின் வண்டியில்தான் டியூஷனுக்குப் போகிறேன். வகுப்பிலும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அவன் மேல் வெறுப்பு இல்லை. ஆனால் அவனுக்கு என் மீதும் அப்படி ஓர் எண்ணம் இருக்குமோ என்றும், தெரிந்தால் வகுப்பில் என்னையும் சேர்த்துக் கேலி செய்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. நேற்று ஒருவன், "உங்களுக்குள் என்ன சண்டை?" என்று கேட்டபோது காரணம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவனுடைய அம்மா என்னைத் தன் பிள்ளையைப் போலத்தான் நடத்துவார். அவரிடம் சொன்னால் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துவிடுவார்களா? பெரியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

நல்லெண்ணம்:

தம்பி, இது பெரும்பாலும் வயதுக் கோளாறாகத்தான் இருக்கும். ஆண்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படித் தோன்றுவது உண்டு. அவன் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நல்ல மனநல மருத்துவர் நான்கைந்து முறை பேசினால் மாறிவிடுவான். அதுவரை சற்று விலகியிருப்பதே உங்கள் இருவருக்கும் நல்லது.

வைகைவாசி:

மேலே எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனால் அந்த அறிவுரையைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள், தம்பி. தன்பாலீர்ப்பை உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையவர்களை மருத்துவத்தால் "மாற்றும்" முயற்சிகளுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள், பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்கு அது. இந்தப் பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தாமே அமர்ந்து பேசித் தெளிந்த பிறகுதான் அந்த நீதியரசர் உத்தரவை எழுதினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். அப்படி மாற்ற முயல்வது மருத்துவர்களுக்குத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அறிவித்துவிட்டது. ஆகவே உங்கள் நண்பனிடம் சரிசெய்ய எதுவும் இல்லை.

நானும் தன்பாலீர்ப்பு கொண்டவன்தான், எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் என் நண்பனிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை, யாரிடமும் போய்ச் சொல்லவுமில்லை. மறுநாள் இரண்டாவது பெஞ்சிலிருந்து தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நான்காவது பெஞ்சுக்குப் போனான், அவ்வளவுதான். அவன் எழுந்துபோன இடத்தில் பென்சில் சீவிய துருவல் கொஞ்சம் கிடந்தது. அதை அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் என் வீட்டாரிடம் வாய் திறக்க எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. உங்கள் நண்பன் இந்தப் பன்னிரண்டு நாட்களும் உங்கள் மௌனத்தைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டிருப்பான்.

உங்கள் பயத்துக்கும் பதில் சொல்கிறேன். உங்களுக்குப் பெண்கள் மீது ஈர்ப்பு என்றால், பார்க்கும் பெண்கள் எல்லோர் மீதுமா அது வருகிறது? அவனுக்கும் அப்படித்தான். ஒருவேளை உங்கள் மீதே அன்பு இருந்தாலும், "எனக்கு அப்படி இல்லைடா" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நண்பனாகவே தொடரலாம். அவன் உங்களிடம் எதையும் கேட்கவில்லையே.

தஞ்சை ஆசிரியை:

இருபத்தாறு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவன் அம்மாவிடமோ, வகுப்பில் யாரிடமோ நீ சொல்லவே கூடாது, தம்பி. எவ்வளவு அன்பான வீடாக இருந்தாலும், இந்தச் செய்தி பிறர் வாயிலாகப் போய்ச் சேரும்போது என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. படிப்பை நிறுத்திப் பூட்டி வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். யாரிடம், எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. பாரம் உனக்குத் தாங்க முடியாமல் போனால், அவன் பெயரைச் சொல்லாமல் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைத்து உன் மனதில் இருப்பதைப் பேசு, கட்டணம் இல்லை. வீட்டில் அவனுக்கு எப்போதாவது ஆபத்து என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

கேலியைப் பற்றிக் கேட்டாய். வரலாம். வராது என்று நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை இதுவரை அவன் ஒருவனே மனதுக்குள் சுமந்திருக்கிறான் என்பதையும் எண்ணிப் பார்.

காவிரிக்கரை மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று விடியற்காலை ஐந்து மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் தெருவுக்குப் போனேன். அவன் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், பஞ்சர் ஒட்டியாயிற்றா என்று கேட்டான். பஞ்சரே ஆகவில்லை என்றும், அன்று பயந்துவிட்டேன் என்றும், அவன் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தான், டியூஷன் வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் மேல் இன்னும் கோபம் இருக்கிறது என்று நினைக்கிறேன், இருப்பதும் நியாயம்தான். வகுப்பில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். டியூஷன் முடிந்து வெளியே வந்தபோது சாவிக்காகக் கையை நீட்டினான்; திரும்பும்போது அவன்தான் மிதித்தான்.