மெசோன் கரே: முகப்புத் துளைகளைப் படமெடுக்க எந்த நேரம் சரி?

பிரான்சின் நீம் நகரிலுள்ள ரோமானியக் கோயில் மெசோன் கரேவை நேரில் பார்த்தவர்கள் உதவுங்கள். முகப்பு உத்தரத்தின் வெண்கல எழுத்துகள் போய்விட்டன. அவற்றைப் பொருத்திய துளைகள்தான் மிச்சம். அவற்றை வைத்தே 1758-ல் செகியே என்ற அறிஞர், ரோமப் பேரரசர் அகஸ்டஸின் சுவீகாரப் புதல்வர்கள் கையஸ், லூசியஸ் பெயர்களைக் கண்டறிந்தார். எவ்வளவு பொறுமை!

முகப்பு வடக்குப் பார்த்தது. நடுப்பகலில் நிழல் விழுவதால் துளைகளின் விளிம்பு தெரியாது. பக்கவாட்டுச் சாய்வெயில் வேண்டும். ஜூன் மாலையில் அந்த வெயில் உத்தரத்தில் எத்தனை மணிக்கு விழும்? மேற்குப்புறக் கட்டடங்கள் மறைக்குமா? 200 மி.மீ. லென்ஸ் போதுமா?

இன்னொன்று: 30 தூண்களில் 20 சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். அந்த இணைப்பை நெருங்கிப் பார்க்க முடியுமா, கோயில் நிற்கும் மேடையின் உயரம் தடுக்குமா?