இருநிற ஆனைக்கற்றாழையில் பழுப்புத் தழும்பு: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இலையின் நடுவே வெண்பட்டை ஓடும் ‘மீடியோபிக்டா ஆல்பா’ வகை ஆனைக்கற்றாழை ஒன்றை மூன்று ஆண்டுகளாக 25 செ.மீ. மண்தொட்டியில், பெருமணல் பாதிக்குமேல் கலந்த மண்ணில் வளர்த்து வருகிறேன். சென்ற மாதம் அதை நிழலிலிருந்து திறந்த வெயிலுக்கு ஒரே நாளில் மாற்றிவிட்டேன். படிப்படியாகப் பழக்கியிருக்க வேண்டும், அவசரம் என்னுடையதுதான். பத்து நாட்களுக்குள், மேற்கு நோக்கிய இலைகளில் வெண்பட்டையின் மேல் மட்டும் காகிதம்போல் உலர்ந்த தழும்புகள் தோன்றின. பச்சையம் இல்லாத பகுதி கடும் வெயிலைத் தாங்காது என்பதால், இதை வெயில்காயம் என்றே கருதுகிறேன்.

என்னைக் கவலைப்படுத்துவது அடியிலை ஒன்று. அதன் தழும்பு மட்டும் ஈரமாக இருக்கிறது. விரலால் அழுத்தினால் குழிந்து, சற்றே புளித்த வாடை வருகிறது. கூன்வண்டின் புழு உள்ளே துளைத்திருக்குமோ என்று தண்டைச் சுற்றிப் பார்த்தேன். துளை எதுவும் தென்படவில்லை, நடுக்குருத்தும் ஆடாமல் உறுதியாக நிற்கிறது. தண்ணீர் விடுவதை நிறுத்தியிருக்கிறேன். இந்த இலையை அடியோடு வெட்டிக் காயத்தை உலரவிட்டால் போதுமா, அல்லது செடியை வெளியே எடுத்து வேரைச் சோதிப்பது அவசியமா?

மேலும், பக்கக் கன்றுகள் இரண்டு வந்துள்ளன. முழுப்பச்சையாக இருப்பது வேகமாக வளர்ந்து தாய்ச்செடியை நெருக்கும் என்பதால் அதை நீக்கிவிடுவேன். வெண்பட்டையுள்ள மற்றொன்று உள்ளங்கை அளவுகூட இல்லை. தாய்ச்செடி அழுகினால் இதுவும் போய்விடும் என்பதால், இப்போதே பிரிக்கலாமா, சொந்த வேர் பிடிக்கும்வரை காத்திருக்கலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.