கருங்கல் கரையோரம் பாய்ப்படகு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மாயவரத்துப் பொண்ணு:

டெல்டாவில் பாறைக் கரை ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலும்தான் நம்ம கரை. ஆனால் பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று எங்கே போனாலும் கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கல் கிடக்கிறது, ஒவ்வொன்றும் பீரோ அளவில். படகு மோதினால் மலைப்பாறை என்ன, லாரியில் வந்த பாறை என்ன, எல்லாம் ஒன்றுதான்.

நானும் வீட்டுக்காரரும் அடிப்படையைச் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் பழகினோம். 1911-இல் தொடங்கிய கிளப் அது. சுவருக்குள் தண்ணீர் அடக்கமாக இருக்கும். பாயை எப்போது இழுப்பது, எப்போது விடுவது, கவிழ்ந்தால் படகின் அடியில் நீட்டி நிற்கும் நடுப்பலகை மேல் ஏறி நின்று எப்படி நிமிர்த்துவது எல்லாம் அங்கே வந்துவிட்டது. அப்புறம் பழைய பதினான்கு அடி ஃபைபர் படகு ஒன்றைப் பாயோடு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தோம்.

கரையைப் பற்றிச் சொல்லித் தந்தவர் தரங்கம்பாடியில் ஒரு பெரியவர். இன்ஜின் வருவதற்கு முன்பு கட்டுமரத்தில் பாய் கட்டி ஓடியவர். முதல் நாள் எங்களைப் படகில் ஏறவே விடவில்லை. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டைக்கு முன்னால் உட்கார வைத்து அலையைப் பார்க்கச் சொன்னார். "நடுக்கடல்ல ஒண்ணும் ஆவாது பாப்பா. கரகிட்ட வந்தாத்தான் பயப்படணும்."

மணல் கரையில் அலை ஏறி, களைத்து, அங்கேயே அடங்கிவிடும். கல் சுவரில் அப்படி இல்லை. அடித்த அலை திரும்பி வருகிறது, வருகிற அலையோடு மோதுகிறது. சுவருக்கு முன்னால் தண்ணீர் குத்துக்குத்தாக எழும்புவது அதனால்தான். அந்த இடத்தில் சின்னப் படகு சுக்கானுக்கே கட்டுப்படாது. கல் வெளியே தெரிகிற இடத்தோடு முடிவதும் இல்லை. சரிவாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது, பெயர்ந்த கல் இன்னும் தள்ளிப் போய்க் கிடக்கும்.

அடுத்தது தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் சுவர். நம்ம கடற்கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதனால் வளைவுக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். கரையேற வேண்டுமென்றால் தெற்குப் பக்கம் பார். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதற்கே பெரியவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தோம்.

கடலில் இருக்கும்போது கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கோட்டை மூலையும் அதற்குப் பின்னால் ஒரு பனையும் எங்களுக்கு. இரண்டும் ஒரே நேராக நின்றால் நீ பக்கவாட்டில் நகரவில்லை. விலகினால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், உன்னை இழுத்துக்கொண்டு போகிறது. ஜிபிஎஸ் இருக்கிறது, இருந்தாலும் அலையில் ஆடிக்கொண்டு திரையைப் பார்ப்பதைவிட இது சுலபம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம், மத்தியானம். காலையில் கரையிலிருந்து அடித்த காற்று ஓய்ந்து, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏற ஆரம்பித்திருந்தது. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நேரே, கல்லிலிருந்து முந்நூறு மீட்டர் இருக்கும். பாயைத் தூக்கி நிறுத்தும் கயிற்றின் கொக்கி டக்கென்று உடைந்தது. பாதிப் பாய் தண்ணீரில், பாதி என் தலைமேல்.

காற்று கரையைப் பார்த்து அடிக்கிறது. ஒரு நாட் (மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் ஒதுங்கினாலும் நிமிஷத்துக்கு முப்பது மீட்டர். பத்து நிமிஷத்தில் கல். துடுப்பைத் தேட நேரமில்லை. வீட்டுக்காரர் முன்பக்கம் ஊர்ந்துபோய் நங்கூரத்தை இறக்கினார். பின்பக்கத்திலிருந்து போட்டால் அலை பின்னால் ஏறிப் படகை நிரப்பிவிடும். ஆழம் நாலு மீட்டர். கயிறு பத்துப் பன்னிரண்டு மீட்டர் போயும் நங்கூரம் பிடிக்கவில்லை, உழுதுகொண்டே வந்தது. "இன்னும் விடுங்க, இன்னும் விடுங்க" என்று நான் கத்த, முப்பது மீட்டரையும் விட்ட பிறகு படகு சட்டென்று தலையைத் திருப்பிக் காற்றைப் பார்த்து நின்றது. ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு வேண்டும் என்று வகுப்பில் சொன்னது அப்போதுதான் உள்ளங்கைக்குப் புரிந்தது. அவருக்குத் தோல் உரிந்துவிட்டது.

அப்புறம் பதற்றமில்லை. படகு காற்றைப் பார்த்து நின்றால்தான் பாயை ஏற்றவே முடியும், அதை நங்கூரம் செய்து கொடுத்துவிட்டது. டப்பாவில் இருந்த மாற்றுக் கொக்கியைப் போட்டு, பாயை ஒரு மடிப்புச் சுருக்கி ஏற்றி, நங்கூரத்தை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டோம். கல்லுக்கு எவ்வளவு தூரம் மிச்சமிருந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்தாராம், சொல்ல மாட்டேன் என்கிறார்.

கடுவையாற்றுக்காரன்:

சகோதரி, நங்கூரம் சரிதான். அதோடு முகத்துவாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் வற்றம், அதாவது இறங்குகிற நீர், வெளியே ஓடும்போது காற்று எதிரே வந்தால், முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக நிற்கும். அந்த நேரம் பாய்ப்படகு உள்ளே வரக்கூடாது. நீர் ஏறும்வரை வெளியே சுற்றிக்கொண்டிருப்பது நல்லது. இன்னொன்று, இன்ஜின் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்று படித்துவிட்டு விசைப்படகு முன்னால் போய் நிற்காதீர்கள். வலை போட்டிருக்கிற படகுக்கு நாம்தான் விலக வேண்டும். குறுகலான கால்வாயில் பெரிய படகுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. சட்டமே அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு இருக்காது. அந்த 61 நாள் பழகுகிறவர்களுக்கு வசதி.

கோரையாறு:

நானும் மனைவியும் பழகியது முத்துப்பேட்டைக் காயலில். அங்கே கல் இல்லை, சேறுதான். தட்டினால் படகு நிற்கும், நீர் ஏறினால் தானாகக் கிளம்பும். இறங்கித் தள்ளலாம் என்று வெறுங்காலோடு குதித்துவிடாதீர்கள், ஆளி (சிப்பி) ஓடு பாதத்தைக் கிழித்துவிடும். அலையாத்திக் காட்டுப் பக்கம் போக வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். என் மனைவி சுக்கான் பிடிப்பாள், நான் பாய். மாற்றிப் பிடித்தால் சண்டை வரும்.

வேதாரண்யம் மாமா:

கச்சான் காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆனி, ஆடியில் அது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கரையோரம் தண்ணீர் தட்டையாக இருக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும். அரை மைல் போன பிறகுதான் அதன் பலம் தெரியும், அப்போது திரும்ப முடியாது. கல்லில் மோதுகிற பயம் இல்லையே என்று இறங்கி வெளியே அடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. கோடியக்கரையில் கரை கிழக்கைப் பார்த்திருந்து தெற்கைப் பார்க்கத் திரும்புகிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் கிழக்குப் பக்கம் உங்களைக் கரைக்குத் தள்ளும். முனையைச் சுற்றினால் அதே காற்று கடலுக்குத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் சின்னப் படகைக் கடலில் இறக்கவே வேண்டாம்.

அந்தப் பொண்ணுக்கு ஒரு கேள்வி: சின்ன இன்ஜின் ஒன்று ஏன் வைக்கவில்லை? பாய் மட்டும் நம்பிக் கல் ஓரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாயவரத்துப் பொண்ணு:

மாமா, வீட்டிலும் இதே பேச்சுதான். அவர் வேண்டும் என்கிறார். பின்பக்கம் கனம் ஏறினால் படகு ஓட்டம் கெடும், தண்ணீர் பட்ட இன்ஜின் தேவையான நேரத்தில் கிளம்பாது என்பது என் கட்சி. நங்கூரம், முப்பது மீட்டர் கயிறு, இரண்டு துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ஈரம் படாத பையில் போன் ஆகியவை இல்லாமல் இறங்குவதில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் போனில் இருக்கின்றன. கிளம்பும்போது கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிடுவோம். இப்போதைக்கு அரை கிலோமீட்டருக்குள் கல் பக்கம் போவதில்லை என்று முடிவு. இன்ஜின் பற்றி இன்னும் முடிவாகவில்லை. கோரையாறு அண்ணன் வீட்டில் யார் கட்சி ஜெயித்தது?